பட்டி உருப்படிகளை நிரலாக்குதல் (ஜிடிகே கருவித்தொகுதி)

பட்டி உருப்படி என்பது வரைகலைப் பயனர் இடைமுகத்தில் உள்ள ஒரு பட்டியில், அதாவது மெனுவில், பயனர் தேர்ந்தெடுக்கக்கூடிய ஒரு வரி ஆகும். "திற", "சேமி", "நகலெடு", "வெளியேறு" என்பன பெரும்பாலான மென்பொருள்களில் காணப்படும் பட்டி உருப்படிகள். ஒவ்வோர் உருப்படிக்கும் ஒரு பெயர், ஒரு செயல், ஒரு நிலை ஆகிய மூன்றும் உண்டு. திரையில் காணும் எழுத்து அதன் பெயர். தேர்ந்தெடுத்தவுடன் நடக்கும் வேலை அதன் செயல். இப்போது தேர்ந்தெடுக்க முடியுமா, முடியாதா என்பது அதன் நிலை.

இம்மூன்றையும் நிரலில் எங்கே வைப்பது என்பதே பட்டி நிரலாக்கத்தின் அடிப்படைக் கேள்வி. இக்கட்டுரை ஜிடிகே என்னும் கட்டற்ற கருவித்தொகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை விளக்குகிறது. நிரலில் ஆங்கில எழுத்துகளில் எழுதப்படும் பெயர்கள் இங்கு ஒலிபெயர்த்துத் தரப்படுகின்றன.

பின்னணி

திரையின் மேற்பகுதியில் பட்டிகளை வரிசையாக வைத்து, சொடுக்கினால் கீழே விரியுமாறு அமைக்கும் முறையை ஆப்பிள் நிறுவனத்தின் லிசா (1983), மெக்கின்டாஷ் (1984) கணினிகள் பரவலாக்கின. அதற்கு முன் கட்டளைகளை நினைவில் வைத்துத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. பட்டி வந்த பிறகு, ஒரு மென்பொருளால் என்னென்ன செய்ய முடியும் என்பதைப் பயனர் படித்தே தெரிந்துகொள்ள முடிந்தது.

ஒவ்வொரு நிரலாளரும் பட்டியைத் தாமே வரைந்து, சுட்டியின் அசைவைத் தாமே கவனித்து எழுதுவது வீண்வேலை. எனவே சாளரம், பொத்தான், உரைப்பெட்டி, பட்டி போன்றவற்றை ஆயத்தமாகத் தரும் கருவித்தொகுதிகள் உருவாயின. ஜிடிகே அவற்றுள் ஒன்று. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மாணவர்களாக இருந்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் ஆகிய இருவரும் 1990களின் நடுப்பகுதியில் கிம்ப் என்னும் படத்தொகுப்பு மென்பொருளை எழுதினர். அது முதலில் மோட்டிஃப் என்னும் கருவித்தொகுதியில் இயங்கியது. அதற்கு மாற்றாக அவர்கள் உருவாக்கியதே ஜிடிகே. பின்னர் அது க்னோம் பணிமேடையின் அடித்தளமாயிற்று. ஜிடிகே 1.0 பதிப்பு 1998இலும், 2.0 பதிப்பு 2002இலும், 3.0 பதிப்பு 2011இலும், 4.0 பதிப்பு 2020 டிசம்பரிலும் வெளிவந்தன. இது சி மொழியில் எழுதப்பட்டது. எனினும் பைத்தான், ரஸ்ட், வாலா, ஜாவாஸ்கிரிப்ட் முதலிய மொழிகளிலிருந்தும் பயன்படுத்தலாம்.

பட்டியின் உறுப்புகள்

சாளரத்தின் மேலே "கோப்பு", "திருத்து", "பார்வை", "உதவி" எனப் பட்டிகளின் தலைப்புகள் வரிசையாக உள்ள பகுதி பட்டிப்பட்டை எனப்படும். ஒரு தலைப்பைச் சொடுக்கினால் விரிவது பட்டி. அதிலுள்ள உருப்படிகள் பின்வரும் வகைகளாக அமையும்.

1. சாதாரண உருப்படி: தேர்ந்தெடுத்தவுடன் ஒரு வேலையைச் செய்யும். எ.கா. "சேமி".
2. குறியிடும் உருப்படி: பக்கத்தில் ஒரு சரிக்குறி தோன்றும் அல்லது மறையும். எ.கா. "நிலைப்பட்டையைக் காட்டு".
3. ரேடியோ உருப்படி: ஒரு குழுவில் ஒன்று மட்டுமே தேர்வில் இருக்கும். எ.கா. எழுத்தளவு "சிறிது", "நடுத்தரம்", "பெரிது".
4. துணைப்பட்டி உருப்படி: தேர்ந்தெடுத்தால் இன்னொரு பட்டி விரியும். எ.கா. "அண்மைக் கோப்புகள்".
5. பிரிகோடு: தேர்ந்தெடுக்க இயலாதது. உருப்படிகளைக் குழுக்களாகப் பிரித்துக் காட்டும்.

சில உருப்படிகளின் பெயருக்குப் பின் மூன்று புள்ளிகள் இருக்கும். "இப்படிச் சேமி…" என்பது அத்தகையது. அந்த வேலையை முடிக்கப் பயனரிடமிருந்து மேலும் ஒரு தகவல் தேவை, ஆகவே ஓர் உரையாடல் பெட்டி திறக்கும் என்பதை அப்புள்ளிகள் முன்கூட்டியே அறிவிக்கின்றன.

பழைய முறை: உருப்படியே ஒரு விட்ஜெட்

ஜிடிகேயில் திரையில் காணும் ஒவ்வோர் உறுப்பும் விட்ஜெட் எனப்படும். ஜிடிகே 3 வரையிலான பதிப்புகளில் பட்டிப்பட்டை, பட்டி, உருப்படி ஆகிய மூன்றும் தனித்தனி விட்ஜெட்டுகள். மெனுபார், மெனு, மெனுஐட்டம் என்பன அவற்றின் இனக்குழுப் பெயர்கள். குறியிடும் உருப்படி, ரேடியோ உருப்படி, பிரிகோடு ஆகியவை மெனுஐட்டத்திலிருந்து மரபுரிமம் பெற்றவை.

இம்முறையில் ஒரு "கோப்பு" பட்டியை அமைக்கும் படிகள் இவை.

1. ஒரு பட்டிப்பட்டையை உருவாக்குதல்.
2. "கோப்பு" என்னும் பெயரில் ஓர் உருப்படியை உருவாக்கிப் பட்டிப்பட்டையில் சேர்த்தல்.
3. ஒரு பட்டியை உருவாக்கி, அதை "கோப்பு" உருப்படியின் துணைப்பட்டியாக இணைத்தல்.
4. "சேமி" என்னும் உருப்படியை உருவாக்கி அப்பட்டியில் சேர்த்தல்.
5. "சேமி" உருப்படியின் ஆக்டிவேட் என்னும் குறிகையுடன் ஒரு செயற்கூற்றை இணைத்தல்.

குறிகை என்பது ஒரு விட்ஜெட்டில் ஏதேனும் நிகழும்போது அது வெளியிடும் அறிவிப்பு. பயனர் "சேமி" என்பதைச் சொடுக்கினால் அந்த உருப்படி ஆக்டிவேட் குறிகையை வெளியிடும். அதனுடன் இணைக்கப்பட்ட செயற்கூறு உடனே இயங்கிக் கோப்பைச் சேமிக்கும். உருப்படியைத் தற்காலிகமாக முடக்க வேண்டுமானால், அந்த விட்ஜெட்டின் சென்சிடிவ் என்னும் பண்பைப் பொய் என மாற்ற வேண்டும். எழுத்து மங்கலாகி, சொடுக்கினாலும் பயனின்றி நிற்கும்.

பத்துப் பதினைந்து வரிகளில் ஒரு பட்டி உருவாகிவிடுவதால் கற்பவருக்கு இம்முறை எளிதாகத் தோன்றும். இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பல இம்முறையையே கற்பிக்கின்றன.

பழைய முறையின் சிக்கல்

ஒரு குறிப்பேடு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதில் சேமிப்பதற்கு மூன்று வழிகள் உள்ளன: "கோப்பு" பட்டியில் உள்ள "சேமி" உருப்படி, கருவிப்பட்டையில் உள்ள சேமிப்புப் பொத்தான், கண்ட்ரோல்+எஸ் என்னும் குறுக்குவிசை. வழிகள் மூன்றாயினும் வேலை ஒன்றே.

கோப்பில் மாற்றம் ஏதும் இல்லாதபோது "சேமி" மங்கலாக இருக்க வேண்டும். ஓர் எழுத்தைத் தட்டியவுடன் அது மீண்டும் தெளிவாக வேண்டும். பழைய முறையில் இந்த நிலை ஒவ்வொரு விட்ஜெட்டிலும் தனித்தனியே இருக்கிறது. எனவே நிரலாளர் உருப்படியை ஒருமுறையும் பொத்தானை ஒருமுறையும் மாற்ற வேண்டும். குறுக்குவிசை இயங்கலாமா என்பதையும் கவனிக்க வேண்டும். கோப்பைத் திறக்கும்போது, சேமித்த பின், செயல்தவிர்க்கும்போது, புதிய கோப்பைத் தொடங்கும்போது என நிலை மாறும் ஒவ்வோர் இடத்திலும் இதே வரிகளைத் திரும்ப எழுத வேண்டும். ஓரிடத்தில் மறந்தாலும் பிழை புகுந்துவிடும்.

அப்பிழை நிரலாளருக்கு எளிதில் தென்படாது. நிரல் நின்றுவிடாது, பிழைச்செய்தியும் வராது. கருவிப்பட்டையில் சேமிப்புப் பொத்தான் மங்கலாக இருக்கும், ஆனால் கோப்பு இன்னும் சேமிக்கப்பட்டிருக்காது. பொத்தானைப் பார்க்கும் பயனர் தம் வேலை சேமிக்கப்பட்டுவிட்டது என நம்பிக் கணினியை அணைத்துவிடலாம். மங்கலான எழுத்து பயனருக்குத் தரப்படும் ஒரு தகவல். அது தவறாக இருந்தால் இழப்பு பயனருக்கே.

இச்சிக்கலுக்கான தீர்வு ஜிடிகேக்கு மட்டும் உரியதன்று. எரிக் காமா, ரிச்சர்டு ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசைட்ஸ் ஆகிய நால்வர் எழுதி 1994இல் வெளிவந்த "டிசைன் பேட்டர்ன்ஸ்" நூல், கமாண்ட் என்னும் வடிவமைப்பு முறையை விளக்கப் பட்டி உருப்படிகளையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. ஓர் உருப்படியைச் சொடுக்கினால் என்ன நடக்க வேண்டும் என்பது கருவித்தொகுதியை எழுதியவருக்குத் தெரியாது. அதைப் பயன்படுத்தி மென்பொருள் எழுதுபவருக்கே தெரியும். எனவே செய்ய வேண்டிய வேலையை ஒரு தனிப் பொருளாக்கி, உருப்படி அதைச் சுட்டுமாறு அமைக்க வேண்டும். ஒரே பொருளைப் பட்டியும் பொத்தானும் குறுக்குவிசையும் சுட்டலாம்.

இடைக்கால முயற்சிகள்

ஜிடிகே இத்தீர்வைப் படிப்படியாகவே அடைந்தது. முதல் பதிப்புகளில் ஐட்டம்ஃபேக்டரி என்னும் வசதி இருந்தது. உருப்படிகளை ஓர் அட்டவணையாக எழுதிக் கொடுத்தால் அது பட்டியைக் கட்டித் தரும். தட்டச்சு வேலை குறைந்தது, ஆனால் செயலும் உருப்படியும் பிரியவில்லை. 2004இல் வெளிவந்த 2.4 பதிப்பு, ஆக்‌ஷன் என்னும் இனக்குழுவையும் யுஐமேனேஜர் என்னும் வசதியையும் அறிமுகப்படுத்தியது. செயல் முதன்முதலாகத் தனிப் பொருளாயிற்று. ஆனால் பெயர், படவுரு, குறிப்பு போன்ற தோற்ற விவரங்களும் செயலுக்குள்ளேயே இருந்தன. 2013இல் வந்த 3.10 பதிப்பில் இவையும் கைவிடப்படவுள்ளவை என அறிவிக்கப்பட்டன.

இவற்றுக்கு மாற்றாக வந்தவை ஜிஆக்‌ஷன், ஜிமெனு ஆகியவை. இவை ஜிடிகேக்குள் இல்லை. அதற்கு அடித்தளமான ஜிலிப் நூலகத்தின் ஜிஐஓ பகுதியில் உள்ளன. திரையைப் பற்றி ஏதும் அறியாத நூலகத்தில் பட்டியின் விவரம் வைக்கப்பட்டிருப்பது இங்கு கவனிக்கத்தக்கது. ஜிடிகே 4இல் மெனுபார், மெனு, மெனுஐட்டம் ஆகிய பழைய விட்ஜெட்டுகள் முற்றிலும் நீக்கப்பட்டன. பழைய முறையில் எழுதிய பட்டி நிரல் அப்பதிப்பில் தொகுக்கப்படவே மாட்டாது.

புதிய முறை: செயலும் பட்டி மாதிரியும்

புதிய முறையில் இரண்டு தனித்தனிப் பொருள்கள் உள்ளன.

முதலாவது செயல். அதற்கு "சேவ்" போன்ற ஒரு பெயர் உண்டு. அது இயக்கத்தில் உள்ளதா, முடக்கப்பட்டுள்ளதா என்னும் பண்பு உண்டு. தேவையானால் ஓர் அளபுருவும் ஒரு நிலை மதிப்பும் இருக்கலாம். திரையில் எந்தப் பெயரில் தோன்ற வேண்டும் என்பது செயலுக்குத் தெரியாது. பெரும்பாலான நிரல்களில் செயலை உருவாக்க ஜிசிம்பிள்ஆக்‌ஷன் என்னும் இனக்குழு போதும்.

இரண்டாவது பட்டி மாதிரி. இது விட்ஜெட் அன்று, வெறும் விவரப்பட்டியல். ஒவ்வோர் உருப்படிக்கும் "இந்தப் பெயரைக் காட்டு, இந்தச் செயலைச் சுட்டு" என்னும் விவரம் மட்டுமே இருக்கும். அதைப் படித்து விட்ஜெட்டுகளை உருவாக்குவது ஜிடிகேயின் பொறுப்பு. அதே மாதிரியைப் பட்டிப்பட்டையாகவும் காட்டலாம், மூன்று கோடுகள் கொண்ட பொத்தானைச் சொடுக்கினால் விரியும் பட்டியாகவும் காட்டலாம், வலச்சொடுக்குப் பட்டியாகவும் காட்டலாம். மேக்ஓஎஸ் இயங்குதளத்தில் அது திரையின் உச்சியில் உள்ள பொதுப் பட்டிப்பட்டையில் தோன்றும்.

இரண்டையும் இணைப்பது செயலின் பெயர் மட்டுமே. அப்பெயர் இரண்டு பகுதிகளைக் கொண்டது. புள்ளிக்கு முன் உள்ள பகுதி, செயல் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும் முன்னொட்டு. புள்ளிக்குப் பின் உள்ளது செயலின் சொந்தப் பெயர். "ஆப்" என்னும் முன்னொட்டு, செயல் மென்பொருள் முழுமைக்கும் உரியது எனக் குறிக்கும். "வின்" என்னும் முன்னொட்டு, அது ஒரு சாளரத்துக்கு உரியது எனக் குறிக்கும். வெளியேறுதல் மென்பொருள் முழுமைக்கும் பொது, ஆகவே "ஆப்.குவிட்". சேமித்தல் அந்தந்தச் சாளரத்தில் உள்ள கோப்பைப் பொறுத்தது, ஆகவே "வின்.சேவ்". இரண்டு சாளரங்கள் திறந்திருந்து, ஒன்றில் மட்டும் மாற்றம் செய்யப்பட்டிருந்தால், அந்தச் சாளரத்தின் பட்டியில் மட்டும் "சேமி" தெளிவாக இருக்கும். இதற்கென நிரலாளர் தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை.

குறிப்பேட்டின் "சேமி": படிப்படியாக

முன்னர்க் கண்ட குறிப்பேட்டைப் புதிய முறையில் எழுதும் வரிசை பின்வருமாறு.

1. "சேவ்" என்னும் பெயரில் ஒரு செயலை உருவாக்குதல். இங்கு முன்னொட்டு சேர்க்கக் கூடாது.
2. அச்செயலின் ஆக்டிவேட் குறிகையுடன் கோப்பைச் சேமிக்கும் செயற்கூற்றை இணைத்தல்.
3. செயலைச் சாளரத்தில் சேர்த்தல். இதனால் வெளியிலிருந்து அதன் முழுப்பெயர் "வின்.சேவ்" ஆகிறது.
4. ஒரு பட்டி மாதிரியை உருவாக்கி, "சேமி" என்னும் காட்சிப்பெயரையும் "வின்.சேவ்" என்னும் செயற்பெயரையும் கொண்ட உருப்படியைச் சேர்த்தல்.
5. கருவிப்பட்டைப் பொத்தானின் செயற்பெயர்ப் பண்பையும் "வின்.சேவ்" என வைத்தல்.
6. மென்பொருளில் "வின்.சேவ்" செயலுக்குக் கண்ட்ரோல்+எஸ் என்னும் குறுக்குவிசையைப் பதிவு செய்தல்.

இனிக் கோப்பில் மாற்றம் இல்லாதபோது செயலை முடக்கினால் போதும். அந்த ஒரே வரியில் உருப்படியும் பொத்தானும் சேர்ந்து மங்கும், குறுக்குவிசையும் வேலை செய்யாது. மீண்டும் இயக்கினால் மூன்றும் சேர்ந்தே உயிர்பெறும். ஒன்று மாறி மற்றொன்று மாறாமல் நிற்கும் நிலை இங்கு எழாது, ஏனெனில் நிலை ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

உருப்படிகளைக் குழுக்களாகப் பிரிக்கப் புதிய முறையில் பிரிகோடு என்னும் தனி உருப்படி இல்லை. பட்டி மாதிரியைப் பகுதிகளாக அமைத்தால், பகுதிகளுக்கு இடையே கோட்டை ஜிடிகேயே வரைந்துகொள்ளும்.

நிலை கொண்ட செயல்கள்

குறியிடும் உருப்படிக்கும் ரேடியோ உருப்படிக்கும் புதிய முறையில் தனி இனக்குழுக்கள் இல்லை. செயலின் தன்மையைப் பார்த்து ஜிடிகே தானே தோற்றத்தை முடிவு செய்கிறது.

நிலை மதிப்பு இல்லாத செயல் சாதாரண உருப்படியாகத் தோன்றும்.

மெய் அல்லது பொய் என்னும் நிலை கொண்டு, அளபுரு இல்லாத செயல் குறியிடும் உருப்படியாகத் தோன்றும். "நிலைப்பட்டையைக் காட்டு" இத்தகையது. சொடுக்கும்போதெல்லாம் நிலை மெய்யிலிருந்து பொய்யாகவும், பொய்யிலிருந்து மெய்யாகவும் மாறும்.

சரத்தை நிலையாகவும் சரத்தையே அளபுருவாகவும் கொண்ட செயல் ரேடியோ உருப்படிகளாகத் தோன்றும். எழுத்தளவுக்கு "வின்.சைஸ்" என ஒரே ஒரு செயல் போதும். மூன்று உருப்படிகளும் அதையே சுட்டும். ஆனால் ஒவ்வொன்றும் "சிறிது", "நடுத்தரம்", "பெரிது" என்பவற்றுக்குரிய வெவ்வேறு இலக்கு மதிப்பைக் கொண்டிருக்கும். எந்த உருப்படியின் இலக்கு செயலின் தற்போதைய நிலையோடு ஒத்திருக்கிறதோ, அதன் பக்கத்தில் குறி தோன்றும். மூன்றில் ஒன்றே தேர்வில் இருக்க வேண்டும் என்னும் விதியைத் தனியாக எழுத வேண்டியதில்லை. ஒரு செயலுக்கு ஒரே நேரத்தில் ஒரு நிலைதான் இருக்க முடியும் என்பதால் அது தானாகவே நிறைவேறுகிறது.

பயனரின் தேர்வை அடுத்த முறையும் நினைவில் வைத்திருக்க வேண்டுமானால், ஜிசெட்டிங்ஸ் என்னும் அமைப்பு வசதியிலிருந்து நேரடியாகவே ஒரு செயலை உருவாக்கலாம். அமைப்பில் உள்ள மதிப்பே செயலின் நிலையாகிவிடும்.

விசைப்பலகை வழிப் பயன்பாடு

பட்டியைச் சுட்டி இல்லாமல் பயன்படுத்த இரண்டு வழிகள் உள்ளன. மாணவர்கள் பலர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதுண்டு.

குறுக்குவிசை பட்டியைத் திறக்காமலே செயலை இயக்கும். கண்ட்ரோல்+எஸ் அத்தகையது. புதிய முறையில் இது செயலுக்கு உரியது, உருப்படிக்கு உரியதன்று. ஆகவே பட்டியில் இடம்பெறாத செயலுக்கும் குறுக்குவிசை வைக்கலாம்.

நினைவெழுத்து என்பது பட்டியை விசைப்பலகையால் திறந்து, அதனுள் ஓர் உருப்படியைத் தேர்ந்தெடுக்க உதவும் எழுத்து. ஆல்ட் விசையுடன் அதை அழுத்தும்போது பட்டி திறக்கும். ஜிடிகேயில் காட்சிப்பெயரில் உரிய எழுத்துக்கு முன் ஓர் அடிக்கோடு இட்டால் அது நினைவெழுத்தாகும். பெயரிலேயே அடிக்கோடு தோன்ற வேண்டுமானால் இரண்டு அடிக்கோடுகள் இட வேண்டும்.

கை நடுக்கம் உள்ளவர்களுக்குச் சுட்டியைச் சிறிய வரியின் மேல் நிறுத்துவது கடினம். பார்வையற்றோர் ஆர்கா போன்ற திரைவாசிப்பான் வழியே பட்டியைக் கேட்டே பயன்படுத்துகின்றனர். முறையான பட்டி மாதிரியைக் கொண்டு அமைத்த உருப்படியின் பெயரையும், அது குறியிடப்பட்டுள்ளதா, முடக்கப்பட்டுள்ளதா என்பதையும் கருவித்தொகுதி திரைவாசிப்பானுக்குத் தெரிவிக்கும். அழகுக்காகப் பொத்தான்களையும் பெட்டிகளையும் அடுக்கிப் பட்டி போலத் தோன்றச் செய்தால், இந்தத் தகவல்களை எல்லாம் நிரலாளரே தர வேண்டியிருக்கும்.

தமிழில் பட்டிகள்

ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் கொண்டு எழுதிய பட்டி, தமிழில் மொழிபெயர்க்கும்போது மூன்று இடங்களில் இடறும்.

முதலாவது நினைவெழுத்து. தமிழில் "கோ" என்பது ஒருங்குறியில் ககரம், ஓகாரக் குறி என இரண்டு குறியீடுகளால் ஆனது. ஒரே விசையழுத்தத்தில் அதை உள்ளிட முடியாது. பயனரின் விசைப்பலகை அந்நேரத்தில் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழ் எழுத்தே வராது. எனவே க்னோம் மென்பொருள்களின் தமிழ் மொழிபெயர்ப்புகளில், "கோப்பு" என்பதன் பின் அடைப்புக்குறிக்குள் எஃப் என்னும் ஆங்கில எழுத்தை நினைவெழுத்தாகச் சேர்க்கும் வழக்கம் உள்ளது. சப்பானிய மொழிபெயர்ப்புகளிலும் இவ்வழக்கம் உண்டு.

இரண்டாவது சொல்வரிசை. "செயல்தவிர்" என்னும் உருப்படி, எதைத் தவிர்க்கப் போகிறது என்பதையும் சேர்த்துக் காட்டுவதுண்டு. ஆங்கிலத்தில் வினை முன்னும் பெயர் பின்னும் வரும். ஆகவே சில நிரலாளர்கள் இரண்டு சரங்களை அப்படியே ஒட்டிவிடுகின்றனர். தமிழில் பெயர் முதலில் வந்து, இரண்டாம் வேற்றுமை உருபேற்று, வினை இறுதியில் நிற்க வேண்டும்: "தட்டச்சைச் செயல்தவிர்". ஒட்டிய சரத்தில் இதைச் செய்ய மொழிபெயர்ப்பாளருக்கு வழியில்லை. முழுத் தொடரையும் ஒரே சரமாக மொழிபெயர்ப்புக்குத் தந்தால் சிக்கல் தீரும்.

மூன்றாவது, செயற்பெயரையும் காட்சிப்பெயரையும் குழப்பிக்கொள்வது. காட்சிப்பெயர் மொழிக்கு மொழி மாறும். "வின்.சேவ்" என்னும் செயற்பெயர் எந்த மொழியிலும் மாறக் கூடாது. பட்டி மாதிரியை எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதும்போது, காட்சிப்பெயருக்கு மட்டுமே மொழிபெயர்க்கத்தக்கது என்னும் குறிப்பை இட வேண்டும். செயற்பெயருக்கு அக்குறிப்பை இட்டுவிட்டால், மொழிபெயர்ப்பில் அப்பெயர் மாறி, தமிழில் மட்டும் உருப்படி இயங்காமல் போகும்.

வழக்கமான பிழைகள்

உருப்படி எப்போதும் மங்கலாகவே இருத்தல்: புதிதாகக் கற்பவர்களுக்கு மிகுதியாக நேரும் பிழை இது. பட்டி மாதிரியில் உள்ள செயற்பெயருக்குரிய செயல் கிடைக்காவிட்டால் ஜிடிகே அந்த உருப்படியை மங்கலாகக் காட்டும். முன்னொட்டை விட்டுவிட்டோமா, "ஆப்" எனவேண்டிய இடத்தில் "வின்" என எழுதிவிட்டோமா, செயலை உருவாக்கியும் சாளரத்தில் சேர்க்க மறந்தோமா என்று பார்க்க வேண்டும். இலக்கு மதிப்பின் வகை செயலின் அளபுரு வகையோடு ஒத்துப்போகாவிட்டாலும் இதே விளைவுதான்.

உருப்படியை மாற்றியும் பட்டி மாறாதிருத்தல்: ஓர் உருப்படியைப் பட்டி மாதிரியில் சேர்க்கும்போது அதன் விவரங்கள் படியெடுக்கப்படுகின்றன. அதன்பின் கையில் உள்ள உருப்படியை மாற்றினால் பட்டியில் உள்ள படி மாறாது. பழைய வரியை நீக்கிவிட்டுப் புதியதைச் செருக வேண்டும்.

குறி மாறாதிருத்தல்: நிலையை மாற்றும் குறிகையுடன் செயற்கூறு எதையும் இணைக்காவிட்டால், செயல் தன் நிலையைத் தானே மாற்றிக்கொள்ளும். செயற்கூறு ஒன்றை இணைத்துவிட்டால், நிலையை மாற்றும் பொறுப்பு அந்தச் செயற்கூற்றுக்கு வந்துவிடும். அதற்குள் புதிய நிலையை அமைக்க மறந்தால், சொடுக்கினாலும் குறி அசையாது.

பட்டிப்பட்டை தோன்றாதிருத்தல்: ஜிடிகே 4இல் மென்பொருளுக்குப் பட்டி மாதிரியைக் கொடுத்தால் மட்டும் போதாது. சாளரத்தின் பட்டிப்பட்டையைக் காட்டும் பண்பையும் மெய் என வைக்க வேண்டும்.

பிற கருவித்தொகுதிகளில்

செயலையும் உருப்படியையும் பிரிக்கும் கருத்து, பெயர் வேறாயினும், பல கருவித்தொகுதிகளில் உள்ளது. க்யூட்டி கருவித்தொகுதியில் கியூஆக்‌ஷன் என்னும் ஒரே பொருளைப் பட்டியிலும் கருவிப்பட்டையிலும் சேர்க்கலாம். ஆனால் அங்குக் காட்சிப்பெயரும் படவுருவும் செயலுக்குள்ளேயே இருக்கும். ஜாவாவின் ஸ்விங் தொகுதியில் ஆக்‌ஷன் என்னும் இடைமுகம் இதே வேலையைச் செய்கிறது. மேக்ஓஎஸ்ஸின் கோக்கோவில், பட்டி விரியும் நேரத்தில் உருப்படி செல்லுமா என்று உரிய பொருளிடம் கேட்டு முடிவு செய்யும் முறை உள்ளது. பைத்தானுடன் வரும் டிகின்டரில் இத்தகைய தனிச் செயற்பொருள் இல்லை. உருப்படியின் நிலையை நிரலாளரே ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். டிகின்டரில் எழுதும் மாணவர்கள், நிலையை மாற்றும் வரிகளை ஒரே செயற்கூற்றில் தொகுத்து, தேவையான இடங்களிலிருந்து அதையே அழைத்தால் பிழைகள் பெரிதும் குறையும்.

பழைய முறையிலிருந்து புதியதற்கு மாறுவது பெரிய மென்பொருள்களுக்கு எளிதன்று. ஜிடிகே எந்த மென்பொருளுக்காகப் பிறந்ததோ அந்த கிம்ப், ஜிடிகே 2இலிருந்து ஜிடிகே 3க்கு மாறிய 3.0 பதிப்பை 2025 மார்ச்சில்தான் வெளியிட்டது. அதற்குள் ஜிடிகே 4 வெளிவந்து நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. புதிதாக ஜிடிகே கற்பவர் இணையத்தில் ஒரு பாடத்தைப் பின்பற்றுமுன், அது எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்பதை முதலில் பார்ப்பது நல்லது. அதில் மெனுஐட்டம் என்னும் விட்ஜெட் பயன்பட்டிருந்தால் அது ஜிடிகே 3 அல்லது அதற்கு முந்தைய பதிப்புக்கு உரியது. ஜிமெனு, ஜிசிம்பிள்ஆக்‌ஷன் ஆகியவை மட்டும் பயன்பட்டிருந்தால், அதன் பட்டிப் பகுதி ஜிடிகே 4இலும் பெரிதாக மாற்றமின்றிப் பயன்படும்.